மூன்று சான்றிதழ்களும் ஒரு கொத்துச் சாவியும்: செட்டிநாட்டு வீடு ஒன்றில் நடந்த அவசர நிகழ்வின் ஆய்வு

பின்னணி

காரைக்குடியிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு நகரத்தார் ஊர். வருஷத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு, அன்று ஒரு சாந்திக்காகத் திறந்திருந்தது. (அறுபதாம் கல்யாணத்தை இந்தப் பக்கம் சாந்தி என்பார்கள்.) முன்னூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப்பேர் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் முதல் நாள் ராத்திரி வந்து இறங்கியவர்கள்.

வீட்டின் அமைப்பை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு அது குறுக்கே வருகிறது. முகப்பு ஒரு தெருவில். உள்ளே வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, சமையல்கட்டு என்று நீண்டுகொண்டே போய், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒரே வீட்டுக்கு இரண்டு தெரு, இரண்டு விலாசம்.

நான் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சுற்றுவட்டாரத்தில் முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறேன். சம்பவத்தின்போது நான் அங்கே இல்லை. மூன்று வாரம் கழித்து, தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகிற பக்தர்களுக்கு வழியில் முதலுதவிப் பந்தல் போடும் இளைஞர் குழு ஒன்று இதை எழுதித் தரச் சொன்னது. அவர்களுடைய உறுப்பினர் ஒருவர் இதில் சம்பந்தப்பட்டிருந்தார். குடும்பத்தார் சம்மதித்தார்கள். விசேஷத்துக்கு வந்த வீடியோக்காரரின் கேமரா பந்தியைப் படமெடுத்துக்கொண்டிருந்ததால் நேரங்கள் ஓரளவு துல்லியமாகக் கிடைத்தன. ஊர், ஆள் அடையாளம் எதையும் இங்கே தரவில்லை.

நடந்தது

மதியம் 1:12. இரண்டாம் பந்தியில் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போன 58 வயது உறவினர், வளவின் தாழ்வாரத்தில் தூணைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் சரிந்தார். கை கால் இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தது. "வலிப்பு, வலிப்பு" என்று சத்தம். யாரோ சாவி கேட்டார்கள். அந்த வீட்டு ஆச்சி இடுப்பில் செருகியிருந்த கொத்துச் சாவியை எடுத்துக் கொடுக்க, அது அவர் கைக்குள் திணிக்கப்பட்டது. ஒருவர் பாதத்தைத் தேய்த்தார். ஒருவர் சோடா உடைத்தார்.

இதயம் திடீரென்று நின்றால், மூளைக்கு ரத்தம் போகாததால் சில விநாடிகள் உடம்பு இப்படி வெட்டி இழுப்பது உண்டு. பார்ப்பவர்களுக்கு அது வலிப்பாகத்தான் தெரியும். இந்த ஒரு குழப்பத்திலேயே எத்தனையோ பேருக்கு முதல் இரண்டு நிமிடம் போய்விடுகிறது.

1:13. மேற்சொன்ன குழு உறுப்பினர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வயது 24, விலங்கியல் பட்டதாரி. இணையத்தில் நான்கு மணி நேர வீடியோ பார்த்து, 25 கேள்விகளில் 24 சரியாக எழுதி, "அவசர மருத்துவ உதவியாளர், நிலை 2" என்று பொன் முத்திரை போட்ட சான்றிதழ் வாங்கியிருந்தார். கட்டணம் 1,200 ரூபாய். தோளைத் தட்டிக் கூப்பிட்டார், பதில் இல்லை. "108-க்குப் போன் போடுங்க, ஸ்பீக்கர்ல வைங்க" என்று ஒருவரைக் குறிப்பாகக் கைகாட்டிச் சொன்னார். இரண்டும் சரியான செயல்கள்.

அடுத்துதான் சறுக்கல். விழுந்தவர் வாயைத் திறந்து, தரையில் போட்ட மீன்போல ஒருமுறை மூச்சை இழுத்தார். "மூச்சு இருக்கு" என்று பையன் அறிவித்துவிட்டு, வீடியோவில் காட்டியபடியே அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அது மூச்சல்ல. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வரும் கடைசித் திணறல் அது. அது மூச்சுக் கணக்கில் சேராது என்ற வரி அவர் பார்த்த பாடத்தில் இருந்தது. தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது, அவர் சரியாகவே எழுதியிருக்கிறார். பின்னால் என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், அந்த வார்த்தை தெரியும். அது இப்படி இருக்கும்னு தெரியலை."

1:15. திணறலுக்கும் திணறலுக்கும் இடைவெளி நீண்டபோது அவருக்குச் சந்தேகம் வந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து மார்பை அழுத்தத் தொடங்கினார். விழுந்து மூன்று நிமிடமாகியிருந்தது. கேமராவில் தெரிவது: கை, மார்பெலும்பின் நடுவில் இல்லாமல் இடப்பக்கமாக. முழங்கை மடங்கியிருக்கிறது. முதல் 30 விநாடியில் 72 அழுத்தங்கள், அடுத்த 30 விநாடியில் 48. அதாவது முதலில் நிமிடத்துக்கு 144 வேகம், பிறகு 96. இருக்க வேண்டியது 100 முதல் 120 வரை. மார்பு அசைவதே தெரியவில்லை. 5 செ.மீ. இறங்கியிருக்க வாய்ப்பில்லை.

1:17. சமையல்கட்டிலிருந்து ஒரு பெண் ஈரக் கையோடு வந்தார். 40 வயதைத் தாண்டியவர். சமையல் குழுவில் பாத்திரம் கழுவ வந்தவர், அதற்கு முன் பல வருஷம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். "தம்பி, கையை நடு நெஞ்சுல வை. முழங்கையை மடக்காதே. நகரு, நான் பண்றேன்" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டி போட்டார். நான்காவதோ ஐந்தாவதோ அழுத்தத்தில் மளுக்கென்று ஒரு சத்தம். "எலும்பு ஒடியுதும்மா, விடும்மா" என்று இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. ஒவ்வொரு முறையும் மார்பு முழுசாக எழும்பி வரவிட்டார். ஆத்தங்குடிப் பூக்கல் தரை வழவழப்பாக, அசையாத கட்டாந்தரையாக இருந்தது ஒரு நல்லூழ். மெத்தையிலோ கட்டிலிலோ கிடந்திருந்தால் பாதி அழுத்தம் வீணாகியிருக்கும்.

இரண்டு நிமிடம் முடிந்ததும் அவரே பையனை உட்கார வைத்தார். அவர் கைமேல் தன் கையை வைத்து ஐந்தாறு முறை அழுத்திக் காட்டிவிட்டு விலகினார். அதன் பிறகு பையனின் அழுத்தம் அடியோடு மாறிவிட்டதைக் கேமராவிலேயே பார்க்கலாம். இருவரும் மாறி மாறி, இடைவெளி விடாமல் தொடர்ந்தார்கள்.

1:29. 108 வந்தது, பின்தெருவில். போன் பேசியவர் சென்னையிலிருந்து வந்த மருமகன். அவருக்குத் தெரிந்த தெருப் பெயர் அதுதான். பின்வாசல் பூட்டியிருந்தது. அதன் சாவி, விழுந்தவர் கைக்குள் திணித்த அந்தக் கொத்தில் இருந்தது. அந்த நேரத்தில் கொத்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டி சுற்றி வந்து முகப்பில் நிற்க நான்கு நிமிடம்.

1:33. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கருவியை மாட்டினார்கள். இரண்டு முறை மின்னதிர்ச்சி. 1:41-க்கு நாடி திரும்பியது. காரைக்குடியில் முதல் சிகிச்சை, அங்கிருந்து பெரிய மருத்துவமனை. நான்காம் நாள் அவர் இறந்தார்.

மார்பை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதை வைத்து, "சரியான அழுத்தம் கிடைக்காத அந்த முதல் ஐந்து நிமிடம் இல்லையென்றால் பிழைத்திருப்பார்" என்று ஒரு தனி மனிதரைப் பற்றி எழுத என்னால் முடியாது. எழுதவும் மாட்டேன்.

மேசையில் மூன்று சான்றிதழ்கள்

விசாரிக்கப் போனபோதுதான் தெரிந்தது, அன்று அந்த வளவில் முதலுதவிச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர்.

பையனுடையது வீடியோச் சான்றிதழ். அவர் ஒரு பயிற்சிப் பொம்மையைக்கூடத் தொட்டதில்லை.

அந்தப் பெண்ணுடையது, ஆலையில் இரண்டு நாள் நடந்த செய்முறைப் பயிற்சியில் கிடைத்தது. எப்போதோ காலாவதியாகிவிட்டது. காகிதம் பெட்டியின் அடியில், ரேஷன் கார்டுக்குக் கீழே கிடந்தது. ஆலை தானாக மனமுவந்து அனுப்பவில்லை. அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டியிருந்தது, அதன் பொறுப்பில் மாநில அரசு அங்கீகரிக்கும் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கு வரும்போது காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது, இவர் பெயரைப் போட்டார்கள். பயிற்சியில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். "அந்த சார் ரொம்பக் கறார், சிஸ்டர். பொம்மைக்குள்ள டக்குன்னு சத்தம் வரணும். வரலைன்னா எழுந்திரிக்க விடமாட்டார். எனக்கு மூணாவது தடவைதான் வந்துச்சு." அந்தப் பொம்மையில் சரியான ஆழத்துக்கு அழுத்தினால்தான் சத்தம் கேட்கும். மனித நெஞ்சில் அந்தச் சத்தம் வராது, ஆனால் எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது சான்றிதழ் ஒரு உடற்கல்வி ஆசிரியருடையது. விழுந்த இடத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்றிருந்தார். கேமராவில் கடைசிவரை தெரிகிறார். இரண்டு கையையும் மார்புக்கு நேரே சேர்த்துப் பிடித்தபடி, தானே அழுத்தப்போவதுபோல. ஆனால் முன்னால் வரவில்லை. அவர் போனது இணைய வகுப்புக்கு அல்ல, முழுநாள் நேரடி வகுப்பு. சான்றிதழின் கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.

அந்த வகுப்பு எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. பள்ளிக் கூடம் ஒன்றின் பெரிய ஹால், 60 பேர், ஒரே ஒரு பொம்மை. காலையிலிருந்து நான் பேசினேன், படம் காட்டினேன். மதியம் செய்முறைக்கு நேரம் ஒதுக்கியபோது பொம்மையைத் தொட்டவர்கள் 11 பேர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அறுபது பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் நான்காம் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். "எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, சிஸ்டர். கை மட்டும் போகலை" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பையனின் கேள்வி

பந்தல் குழு என்னிடம் கேட்ட கேள்வி எளிது: வகுப்பறைப் பயிற்சி இல்லாமல் வாங்கும் சான்றிதழ் செல்லுமா, செல்லாதா? பையனுக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. 108-இல் மருத்துவ உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழைத்தான் நம்பியிருந்தார். "இது அங்கே செல்லாதா, சிஸ்டர்?"

அங்கே அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2005இல் ஐதராபாத்தில் தொடங்கி 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108 சேவையில், மருத்துவ உதவியாளருக்கு முதலில் கேட்பது படிப்பு: செவிலியம், மருந்தியல், ஆய்வக நுட்பம் அல்லது உயிரியல் சார்ந்த பட்டம். தேர்வானவர்களுக்கு அவர்களே ஏறக்குறைய 50 நாள் வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று மூன்று இடத்திலும் பயிற்சி தருகிறார்கள். ஆக, பையனுக்கு வாசலைத் திறப்பது அவருடைய விலங்கியல் பட்டம்தான். 1,200 ரூபாய்க் காகிதம் அல்ல. தொழிலாகவே போக நினைத்தால் வரம்பு இன்னும் உயரம். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பர்களையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி துணை மருத்துவத் தொழிலர் என்று சொல்லிக்கொள்ளவே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும்.

"அமெரிக்காவில் வீட்டிலிருந்தே படிக்கலாமாமே" என்று குழுவில் ஒருவர் கேட்டார். பாதி உண்மை. அங்கே ஆம்புலன்ஸ் உதவியாளர் படிப்பில் பாடப் பகுதியை இணையத்தில் முடிக்க வழி இருக்கிறது. ஆனால் செய்முறையை நேரில் செய்து காட்டித் தேற வேண்டும், அப்புறம்தான் தேசியப் பதிவேட்டின் தேர்வு. அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் அப்படியே: வீடியோவை வீட்டில் பார்க்கலாம், பொம்மைமேல் செய்து காட்டாமல் அட்டை கிடைக்காது. கிடைத்த அட்டைக்கும் ஆயுள் இரண்டு வருஷம்.

இதையெல்லாம் சொன்னபோது குழுத் தலைவர், "அப்ப வகுப்பறை வேணும்னுதானே சொல்றீங்க?" என்றார். இல்லை. என் வகுப்பறைக்கு வந்த ஆசிரியர் அசையவில்லை, வகுப்பறைக்கே வராத பையன் தப்பும் தவறுமாகவாவது மண்டி போட்டார். 108-ஐக் கூப்பிட வைத்தது அந்த வீடியோ கொடுத்த அறிவுதான். அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். சொல்லிக் கொடுப்பது வீடியோவாலும் முடியும், என்னாலும் முடியும். அதில் வீடியோ என்னைவிடத் தெளிவு. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்து மற்ற இருவருக்கும் கிடைக்காதது ஒன்றே ஒன்று: அவர் அழுத்துவதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, "சரியில்லை, மறுபடி" என்று சொன்னார்.

எடுத்த முடிவுகள்

பந்தலுக்கு வரும் தொண்டர்களுக்கு வகுப்பு நடத்துவதை நிறுத்திவிட்டோம். பாடத்தை வீட்டில் வீடியோவில் பார்த்து வர வேண்டும், அதற்கு இரண்டு வாரம். அப்புறம் ஒரு ஞாயிறு காலை, பேச்சே இல்லாத செய்முறை. ஒரு பொம்மைக்கு ஆறு பேருக்கு மேல் இல்லை. பொம்மை வாங்கும் செலவை சாந்தி நடந்த குடும்பமே ஏற்றது. நாங்கள் கேட்கவில்லை.

தேர்ச்சிக்கு ஒரே நிபந்தனை: இரண்டு நிமிடம் நிறுத்தாமல், சரியான வேகத்தில், சரியான ஆழத்தில். பொம்மையில் மூச்சு ஊதுவதைக் கைவிட்டோம். பொதுமக்களுக்கு மார்பழுத்தம் மட்டும் போதும் என்று இந்தியப் புத்துயிர்ப்பு மன்றமும் ஒரு முறையை வகுத்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அதுவே பொருத்தம். முன்பின் தெரியாதவர் வாயில் வாய் வைக்கக் கூசித்தான் பாதிப்பேர் பின்வாங்குகிறார்கள்.

எண்ணும் முறையை அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்டோம். தமிழில் முப்பது வரை வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். "இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று வரும்போது நாக்கு நீள, கையும் தானாகத் தாமதிக்கும். பத்து வரை மூன்று முறை எண்ணினால் அந்தத் தொல்லை இல்லை. 22 வருஷ அனுபவத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

திணறல் மூச்சைக் காட்ட எங்களிடம் பொம்மை இல்லை. நானே தரையில் படுத்துச் செய்து காட்டுகிறேன். முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மண்டி போட முடியாத மூட்டுவலிக்காரர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்களுக்கு வேறு வேலை: போன், வாசல், கடிகாரம். விசேஷ வீடுகளுக்குப் போகும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, முகப்புத் தெருவின் பெயர் என்ன, பின்வாசல் சாவி யாரிடம் என்பதைத்தான். இரண்டு வாசலிலும் ஒவ்வொரு ஆள் நிற்க வேண்டும்.

பிறகு

முதல் சுற்றில் வீடியோ பார்த்ததாகச் சொன்னவர்கள் 34 பேர். ஞாயிறு வந்தவர்கள் 27. முதல் முயற்சியில் தேறியவர்கள் 9 பேர்தான். தேறாதவர்களில் மூன்று பேர் ஏற்கெனவே எங்கேயோ சான்றிதழ் வாங்கியவர்கள். அவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் இரண்டாம், மூன்றாம் ஞாயிறு வந்து தேறினார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை முன்னறிவிப்பில்லாமல் பொம்மைமேல் உட்கார வைத்தோம். மூன்றில் ஒருவருக்கு மேல் ஆழம் குறைந்திருந்தது. கை பழகியது மறக்கும் என்று படித்திருந்தேன், இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம். அவ்வளவுதான், சான்றிதழ் எதுவும் கிடையாது.

அந்தப் பெண் இப்போது ஞாயிறு காலையில் பொம்மைக்குப் பக்கத்தில் உட்காருபவர். கூலி கொடுக்கிறோம். என்னைவிடக் கறார். பையன் 108 நேர்காணலுக்குப் போய் வந்தார். அங்கே முதலுதவி பற்றிக் கேட்டபோது, பொன் முத்திரைச் சான்றிதழைக் கோப்பிலிருந்து எடுக்கவில்லை என்றார். முடிவு இன்னும் வரவில்லை.

நான் மாற்றிக்கொள்வது

என் பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். பொம்மையைத் தொடாமல் என் கையெழுத்தோடு போனவர்கள் எத்தனை பேர் என்று சரியாகக் கணக்கிட முடியவில்லை. வருகைப் பதிவு இருக்கிறது, யார் செய்து பார்த்தார் என்ற பதிவு இல்லை. கடைசி மூன்று வகுப்புக்காரர்களுக்குப் போன் செய்தும் கடிதம் போட்டும் ஒரு ஞாயிறு வந்து போகச் சொன்னேன். 31 பேர் வந்திருக்கிறார்கள். இப்போது சான்றிதழில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: "இரண்டு நிமிடம், பார்த்தவர் யார்". அது காலியாக இருந்தால் கீழே கையெழுத்துப் போடுவதில்லை.

உடற்கல்வி ஆசிரியர் இன்னும் வரவில்லை. போன மாதம் குன்றக்குடியில் படியிறங்கும்போது பார்த்தேன். "அடுத்த ஞாயிறு வந்துடறேன், சிஸ்டர்" என்றார். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரு பொம்மையை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.